கொட்டகை ஆம்பும் சிவப்புக் கிட்டாரும்

ஜூன் 10, செவ்வாய்

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளும் மிக்ஸி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்றைக்கு உருவி எடுத்தேன். யாரிடமாவது கத்தவேண்டும் போலிருக்கிறது. இந்த வீட்டில் நான் கத்தினால் சுவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரூபன் வந்திருந்தான். 'தேனலை' மெல்லிசைக் குழுவை நடத்துகிறவன். என் வீட்டுக்காரர் இன்னாசி, அவன் அப்பா காலத்திலிருந்தே அந்தக் குழுவில் லீடு கிட்டார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் குசுகுசுவென்று ஆரம்பித்தான்.

"அக்கா, அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும். ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, ஏத்திக்கிட்டே போறாரு. நேத்து வத்தலக்குண்டு கல்யாணத்துல முன்வரிசை ஆளுக பூராம் காதைப் பொத்திக்கிட்டாங்க. பொண்ணோட அப்பா என்னையக் கூப்பிட்டு, 'தம்பி, அந்தத் தகரத்தை நிப்பாட்டச் சொல்லு'ங்கிறாரு."

"அந்தாளு போட்ட பிரியாணியவிடவா தகரம்?" என்றேன்.

ரூபன் சிரிக்கவில்லை. "மாதா கோயில் திருவிழாக் கச்சேரி வரைக்கும் பார்க்கிறேன்க்கா. அதுக்குள்ள சத்தம் சரியாகலேன்னா, கிட்டாரை கீபோர்டுலயே வாசிச்சுக்கிறதுன்னு பசங்க சொல்றாங்க. எனக்கு மட்டும் மனசு வருமா?"

டீ குடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஜூன் 14, சனி

விஷயம் இவ்வளவுதான். அவருடைய சிவப்புக் கிட்டார் கல்கத்தாவில் செய்தது. பிறவியிலேயே கீச்சுக் குரல். ரூபன் புதிதாக வாங்கிய கறுப்பு ஆம்ப்ளிஃபயர், எங்கள் பேச்சில் ஆம்ப், அதைவிடக் கீச்சு. இரண்டு வாயாடிகளை ஒரே வீட்டில் குடிவைத்தால் தெரு தாங்குமா? ஜோடி சரியில்லை. இது கிட்டார்காரர் தப்பு இல்லை, ஆம்ப் தப்பு. எனக்குத் தெரியாதா? மைக்செட் கடையில் பிறந்து, மைக்செட் கடையில் வளர்ந்து, இன்றைக்கும் வீட்டு முன்னறையில் திண்டுக்கல் வட்டாரத்து ஆம்பையெல்லாம் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான்.

ஆனால் அவர் கம்பியைக் குறை சொல்கிறார். "கம்பி செத்துப்போச்சு ஜெசி. ஒரு மினுமினுப்பே இல்ல." போன வாரம்தான் புதுக்கம்பி மாற்றினார். அதற்கு முந்தின வாரமும் மாற்றினார்.

கிட்டாரில் இன்னொரு கோளாறும் உண்டு. கம்பிக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் சுருளை அசையாமல் வைக்கிற மெழுகு காய்ந்து உதிர்ந்துவிட்டது. அதனால் பக்கத்தில் நின்று பேசினால் பேச்சும் ஆம்பில் வந்துவிடுகிறது. வத்தலக்குண்டில் நான் மேடையோரம் நின்று, "சீக்கிரம் முடிங்க, பந்தியில மட்டன் தீரப்போகுது" என்று சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டதாம். மெழுகு உருக்கி ஊற்றவேண்டும். கை ஒழிந்தபோது பார்க்கவேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும், கடையில் இருக்கிற ஆம்ப் ஒவ்வொன்றிலும் சிவப்புக் கிட்டாரை மாட்டிப் பார்த்தோம். பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரே கூத்து. பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக்கு வைத்திருந்த ஆம்பில், தேனி வண்டி புறப்படப் போகிற மாதிரி இருந்தது. அரசியல் கூட்டத்து ஆம்ப் எதைப் போட்டாலும் கரகரத்தது, பழக்கதோஷம். மாமனார் காலத்து வால்வு ரேடியோவில் மாட்டியபோது மட்டும் கொஞ்ச நேரம் அழகாக இருந்தது. அப்புறம் ரேடியோ புகைந்தது.

"வால்வுதான் இதுக்குப் புருஷன்" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, மழை வர்ற மாதிரிதான் இருக்கு" என்றார். கிண்டல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

ஜூலை 3, வியாழன்

வேடசந்தூர் ரோட்டுக் காயலான் கடையில் ஒரு பொக்கிஷம்! பழைய டூரிங் டாக்கீஸ் கொட்டகையின் ஆம்ப். பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, உள்ளே பெரிய பெரிய கண்ணாடி வால்வுகள், எருமைக் கன்று கனம். செம்புக்காக உடைக்கப் போனார்கள். அப்படியே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முகப்பில் இரண்டே திருகு. ஒன்று சத்தத்துக்கு, ஒன்று ட்ரெபிளுக்கு. ட்ரெபிள் திருகைத் தொட்டாலே கரகரவென்று பல்லைக் கடிக்கிறது. பழைய படச்சுருளின் இரைச்சல் கேட்கக்கூடாது என்று மேல்சத்தத்தை இந்த ஆம்ப் தானாகவே விழுங்கிவிடும். கீச்சுக் கிட்டாருக்கு, கீச்சை விழுங்குகிற ஆம்ப்.

கோழிக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி

கண்டென்சர் எல்லாம் மாற்றி, பலகையில் ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி அடித்து, இன்று காலை மாட்டினேன்.

என்ன சொல்ல! ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். கிட்டார் அழுகிறதா பாடுகிறதா என்று தெரியவில்லை. எத்தனையோ வருஷமாகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த கிட்டார், முதல்முறையாக ஒரு மனுஷி மாதிரி பேசியது. எதிர்வீட்டு டெய்லர் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாயிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா என்ன கேட்டார்? "மைக்செட்காரன் பொண்ணுக்கு மேளக்காரன்கூடச் சரி, கிட்டார்காரனா?" என்றார். இந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கவேண்டும்.

இவர் என்ன செய்தார்? முகத்தைச் சுளித்து, "மொத்தையா இருக்கே ஜெசி, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி" என்று சொல்லி ட்ரெபிளைக் கடைசிவரை திருகினார். அவ்வளவுதான். மறுபடியும் தகரம். டெய்லர் ஜாக்கெட்டால் காதை மூடிக்கொண்டு போனார்.

"இதெல்லாம் ஒரு காதா? அடுப்புல வைக்க!" என்று கத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பின்னாலிருந்து கத்தினேன். அவர் திரும்பவே இல்லை, வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 12, சனி

அவர் முடிவெட்டப் போயிருந்தார். ஆம்பைத் திறந்து தூசி தட்டி மூடினேன்.

ஜூலை 14, திங்கள்

தூசி மட்டும் இல்லை. உரக்கடை டைரியிடம் எனக்கு என்ன ஒளிவு மறைவு? ட்ரெபிள் திருகின் பின்னால் இப்போது ஒயர் கிடையாது. வெட்டிவிட்டேன். எந்தப் பக்கம் திருகினாலும் சத்தம் நான் வைத்த இடத்திலேயே நிற்கும். குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

இன்று வாசிக்க உட்கார்ந்தார். ட்ரெபிளைக் கொஞ்சம் திருகினார். நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பிறகு கடைசிவரை திருகிவிட்டுச் சிரித்தார்.

"இப்பத்தான் கிட்டார் மாதிரி இருக்கு" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன்.

கீரையில் காம்பும் சேர்ந்து விழுந்திருந்தது. காம்போடு சாப்பிட்டார்.

ஜூலை 19, சனி

நத்தத்தில் கச்சேரி. இரும்புப் பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள், பக்கத்தில் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இந்த ஆம்புக்கு என் கை மட்டும்தான் பழக்கம், வேறு ஆள் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாதி பொய்.

முதல் பாட்டின் நடுவில் அவருடைய கிட்டார் வந்ததும் ரூபன் பாடுவதை மறந்து திரும்பிப் பார்த்தான். ஜனம் கைதட்டியது. பாட்டுக்கு இல்லை, கிட்டாருக்கு. இடைவேளையில் ரூபன் ஓடிவந்தான்.

"அக்கா, கல்கத்தாக் கிட்டாரும் காயலான் கடை ஆம்புமா இது? யாராவது சொன்னா நம்புவாங்களா?"

"ஜாடிக்கேத்த மூடிடா" என்றேன். "விலையைப் பார்த்தா ஜோடி சேர்க்கிறது?"

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் குனிந்து ட்ரெபிள் திருகைத் திருகிக்கொண்டார். பாட்டுக்கு ஏற்ற மாதிரி கூட்டுவதும் குறைப்பதும், காதைச் சாய்த்துக் கேட்பதும்! அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம்தான். என்னமோ போ.

ஜூலை 27, ஞாயிறு

பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்தார்கள். கோயிலே முழந்தாளிட்டது, அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏதோ நெனப்புல நின்னுட்டேன்" என்றார்.

மதியம் பெங்களூரிலிருந்து மகள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். அவர்தான் போனை எடுத்தார். "ஆங்... ஆங்... நல்லாருக்கேன்டா... இந்தா, அம்மா பேசணுமாம்" என்று என் கையில் திணித்துவிட்டார்.

"அம்மா, அப்பாகிட்ட 'கச்சேரி நல்லாப் போச்சா'ன்னு கேட்டேன். 'நீயும் சாப்பிடுடா'ங்கிறாரு" என்றாள் ஸ்டெல்லா. "கொஞ்ச நாளாவே இப்படித்தான்மா. காதை டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் போன்தான் கொரகொரங்குது" என்றேன். மகள் வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டாள். என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்டெல்லா ஓயவில்லை. மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். ஆரம்பத்தில் தூக்கினார். அப்புறம் கை மடியிலேயே இருந்தது. எனக்கு வெளியிலிருந்தே ஓங்கிக் கத்தவேண்டும் போலிருந்தது, தூக்குங்க, தூக்குங்க என்று.

டாக்டர் சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி. மேடையில் டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்றே காலம் போனதால் நரம்பு தேய்ந்துவிட்டது என்றாள். மேல்சத்தம் எல்லாம் போய்விட்டது. மணி, குருவி, விசில், பெண்கள் குரல், இதெல்லாம் எட்டாது. கீழ்ச்சத்தம் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் போகும். மெதுவாகப் போகலாம், சட்டென்றும் போகலாம்.

"கேட்குற மாதிரியே நடிப்பாங்கம்மா. வாயைப் பார்த்துப் பதில் சொல்வாங்க. கவனிச்சுக்குங்க."

என் வீட்டுக்காரருக்கு நடிக்க வராது, பொய் சொன்னால் மூக்கு வேர்க்கும் என்றேன்.

காதுக்கு மெஷின் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக்கொண்டு கிட்டாரைத் தொட்டார். உடனே கழற்றிவிட்டார். "அலுமினியச் சட்டியைத் தரையில உருட்டுற மாதிரி இருக்கு. இதுக்கு இருக்கிறதே போதும்."

மெஷின் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தண்ணீர் வந்தது. பிடித்தேன். துணி ஊறவைத்தேன். "சாம்பாரா, ரசமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன். "ஆமா" என்றார்.

இரண்டையும் வைத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

திருவிழாக் கொடி ஏறிவிட்டது. கச்சேரி அடுத்த வாரம் ஞாயிறு மாலை. ரூபன் வீட்டு மாடியில் ஒத்திகை. முன்பெல்லாம் இவர் ஓரமாக நிற்பார். இப்போது டிரம்ஸ்காரனின் காலும் ரூபனின் வாயும் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்கிறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தப்பே வரவில்லை. எப்படி வரும்? அந்தப் பாட்டெல்லாம் அவர் விரலில் ஊறிப்போனவை.

கடைசியில் பாடப்போகிற மாதா பாட்டில் அவருக்கு நீளமான தனி வாசிப்பு. அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார், வாலிபத்திலிருந்தே அப்படித்தான். அந்த மூடிய கண்ணைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

இன்றைக்கு ஒத்திகையில் அவர் முடித்ததும் ரூபன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அண்ணே, கீபோர்டு பேச்சை நான் எடுத்ததே தப்பு. இனி நீங்க இருக்கிற வரைக்கும் நீங்கதான்."

அவருக்குப் புரிந்தது. முகம் மலர்ந்துபோனது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மாதாவே, இந்த ஒரு திருவிழாவைக் காப்பாற்றிக் கொடு. மெழுகுதிரி ஒரு கட்டு ஏற்றுகிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மாதா சப்பரம் மேடையைக் கடக்கும்போது, பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். பூசைக்கு உதவுகிற பிள்ளைகள் சப்பரத்துக்கு முன்னால் கைமணி அடித்துக்கொண்டு வருவார்கள். அந்த மணிச் சத்தம்தான் அடையாளம். எப்போதும் கச்சேரி முடிந்த பிறகுதான் சப்பரம் கோயிலுக்குத் திரும்பும். நேற்று மேகம் திரண்டிருந்ததால் சீக்கிரமே கிளப்பிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாதா பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவருடைய தனி வாசிப்பு. கண்ணை மூடிவிட்டார். பாவி மனுஷன், அப்படி ஒரு வாசிப்பை அவர் வாழ்நாளில் வாசித்ததில்லை. அப்போது தெருமுனையில் மணி கேட்டது. டிரம்ஸ் நின்றது. கீபோர்டு நின்றது. ரூபன் மைக்கை இறக்கிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஜனம் எல்லாம் எழுந்து நின்றது.

அவர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, மாதாவுக்கென்றே வாசிக்கிறார் என்று நினைத்தார்கள். சப்பரம் மேடைக்கு நேராக வந்து நின்றது. பங்குச் சாமியார் அண்ணாந்து பார்த்தார். பின்வரிசையில் சில பயல்கள் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படம்பிடிக்க ஆரம்பித்தார்கள். ரூபன் கையை ஆட்டினான். கண்ணை மூடியிருக்கிறவருக்கு எங்கே தெரியும்? ஊர் முன்னால் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்க எனக்கு மனசு வரவில்லை. பூசை என்றால் இழுக்கலாம், மேடையில் எப்படி இழுப்பது? ஆம்பை அணைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆம்ப் போய்விட்டது என்று பழியை என் தலையில் போட்டுக்கொள்ளலாம். சத்தம் நின்றதும் அவரே கண்ணைத் திறந்துவிடுவார்.

சுவிட்சைத் தட்டினேன். வால்வு ஆம்ப் சட்டென்று சாகாது. சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, தெருவில் யாரோ பாடிக்கொண்டே தூரமாய்ப் போகிற மாதிரிப் போய், நின்றது.

அவர் நிறுத்தவில்லை.

ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம். சத்தமே இல்லை. வெறும் கம்பியில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் அத்தனை சந்தோஷம். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்த பயல்கள்கூடப் போனை இறக்கிவிட்டார்கள். கைமணி மட்டும் கிணிகிணியென்று அடித்துக்கொண்டிருந்தது.

கீழ்ச்சத்தம் கொஞ்சம் இருக்கிறது என்றுதானே டாக்டர் சொன்னாள்? எப்போது போனது அதுவும்? நான் பக்கத்திலேயே இருந்தேனே, எனக்கு ஏன் தெரியவில்லை?

வாசிப்பை முடித்துவிட்டு, கைதட்டலுக்காகக் கண்ணைத் திறந்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். சப்பரத்தைப் பார்த்தார். ரூபனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை சுவிட்சிலேயே இருந்தது.

கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மாதாவுக்கு முழந்தாளிட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேசவில்லை. சாப்பிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

ரூபன் வந்தான். வாசலிலேயே அழுதுவிட்டான். "அண்ணே, நீங்க சும்மா நில்லுங்க, போதும். கிட்டாரை மாட்டிக்கிட்டு நில்லுங்க" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

அவர் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தோளில் தட்டினார். "கீபோர்டுலயே வாசிச்சுக்குங்க தம்பி. அது தப்புப் பண்ணாது."

குழுவின் பெயர் அச்சடித்த நீலச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்திருந்தார். அதை அவன் கையில் கொடுத்தார். நேற்று அவர் உட்கார்ந்து துணி தேய்த்தது இதற்குத்தானா? நான் என் சேலையையும் தேய்க்கச்சொல்லிப் போட்டிருந்தேனே, அதையும் தேய்த்து வைத்திருந்தார்.

செப்டம்பர் 17, புதன்

இன்று என்னிடம் பேசினார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எதிரில்தான் உட்காருகிறேன்.

"ஜெசி, அந்த ட்ரெபிள் திருகுல ஒயர் இல்லைல்ல?"

பூண்டு கையிலிருந்து உருண்டுவிட்டது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கரகரன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்த திருகு. அந்தக் கரகரப்பு அப்ப எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு, பெட்டி அதிர்ந்து கையிலயும் தட்டுப்படும். ஒரு நாளு தொட்டா, சத்தமே காணோம். அம்புட்டு வருஷத்துப் போக்கிரி ஒரே ராத்திரியில யோக்கியனாயிருவானா?"

கரகரப்பு! ஒயரை வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று மைக்செட்காரன் மகளுக்குத் தோன்றவில்லை. என் அப்பா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

"தெரிஞ்சுமா அப்படித் திருகுனீங்க? பாட்டுக்குப் பாட்டு, காதைச் சாய்ச்சுக்கிட்டு?"

"நீ கீரை உருவிக்கிட்டு உக்காந்திருந்த. காம்பையும் சேர்த்து உருவிப் போட்ட. இவளுக்கு நம்ம காது மங்குனது தெரிஞ்சுபோச்சு, நமக்குத் தெரியக்கூடாதுன்னு பாடுபடுறான்னு நெனச்சேன். கெடுப்பானேன்?" உருண்ட பூண்டை எடுத்துத் தட்டில் போட்டார். "சத்தம் நல்லாருக்குன்னு உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நத்தத்துல நீ அழுத பாரு, அன்னைக்கு நல்லா வாசிச்சிருக்கேன்னு தெரிஞ்சுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூண்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். "ரெண்டு பேரும் நடிச்சு நடிச்சு, ஒருத்தர்கூட நெசத்தைச் சொல்லலையே! சொல்லியிருந்தா அன்னைக்கு நான் பக்கத்துல நின்னு தோளைத் தட்டியிருப்பேனே. ஊரு முன்னாடி உங்கள நிக்க விட்டிருப்பேனா?"

வேகமாகப் பேசிவிட்டேன் போல. அவருக்கு உதடு பிடிபடவில்லை. "என்ன?" என்றார். "மெதுவாச் சொல்லு."

மெதுவாகச் சொல்கிற சங்கதியா அது? ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். இருவருமாகப் பூண்டைப் பொறுக்கினோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போனோம். இப்போது எழுந்தேற்ற மணிக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். மணி அடித்ததும் ஒரு அழுத்து. மற்றவர்களுக்கு முன்னாலேயே முழந்தாளிட்டுவிடுகிறார்.

மதியம் கிட்டாருக்கு மெழுகு ஊற்றலாம் என்று சட்டியில் மெழுகுதிரியை உருக்கினேன். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட கட்டுத்தான். ஏற்றப் பிடிக்கவில்லை. அவளிடம் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இனி வாசிக்காத கிட்டாருக்கு மெழுகு எதற்கு என்று யாரும் கேட்கலாம். ஒரு வேலை பாக்கி என்றால் எனக்குத் தூக்கம் வராது.

மெழுகு ஊற்றுவதற்கு முன்னால் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமே. கொட்டகை ஆம்பைப் போட்டுக் கிட்டாரை மாட்டினேன். அவர் கொஞ்ச நாளாகவே மத்தியானத்தில் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகையும் பின்தலையையும் சாய்த்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பழகிய இடம். இன்றும் அங்கேதான். எனக்கு முதுகு காட்டி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு நானே முணுமுணுத்தேன். "காப்பி குடிச்ச டம்ளரு குடிச்ச எடத்துலயே கெடக்கு. இந்தாள எதுல சேர்க்கிறது..."

முணுமுணுப்பு ஆம்பில் கனமாய் எழுந்தது. ஸ்பீக்கர் பெட்டி லேசாக அதிர்ந்தது.

"கழுவி வைக்கிறேன், இரு" என்றார் அவர்.

திரும்பாமல் சொன்னார். பேப்பரைப் பார்த்தபடியே சொன்னார். பிறகுதான் அவருக்கும் உறைத்தது. பேப்பரை மெதுவாகக் கீழே வைத்தார். தலையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும் என்று பயந்த மாதிரி, இன்னும் அழுத்திச் சாய்த்துக்கொண்டார். காது வழியாக இல்லை, மண்டை எலும்பு வழியாகப் போயிருக்கிறது. கீச்சை விழுங்கிவிட்டுக் கனத்தை மட்டும் தருகிற கொட்டகை ஆம்ப், மெழுகு உதிர்ந்த கல்கத்தாக் கிட்டார். எந்த மடையனும் சேர்த்துவைக்க மாட்டான் இந்த ஜோடியை.

"ஜெசி" என்றார். "உன் குரலு எப்படி இருக்கும்னு மறந்துக்கிட்டே வந்தேன் புள்ள. இப்ப என்னமோ வைதியே. இன்னொரு தடவ வையி."

கிட்டாரைத் தூக்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து வைதுகொண்டிருக்கிற வாய் இது. மழைக்கு வைதிருக்கிறேன், குடைக்கு வைதிருக்கிறேன், உப்புக் குறைந்ததற்கும் கூடியதற்கும் வைதிருக்கிறேன். கேட்ட நேரத்தில் ஒரு வசவு வந்ததா? ஒன்றுகூட வரவில்லை. இதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"சோறு ஆறுது" என்றேன் கம்பிக்குள். "எந்திரிச்சு வாங்க."

அவர் எந்திரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

சட்டியில் மெழுகு உறைந்துவிட்டது. அதைச் சுரண்டித் திரி போட்டு, நாளைக்கு மாதாவுக்கே ஏற்றிவிடுகிறேன். கிட்டாருக்கு வேண்டாம்.